அடையாற்றுப் போரும் கணக்கில் வராத எழுநூற்றுவரும்

தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரே அடையாறாகப் புறப்படுகிறது. ஆற்றின் தலைப்பில் நடந்த போரை நாம் அறிவோம். மணிமங்கலத்தில் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அதே ஆறு கடலோடு கலக்குமிடத்தில் 1746இல் நடந்த போரோ, திரு.வி.க. பாலத்தை நாள்தோறும் கடப்பவர்க்கும் நினைவில் இல்லை.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். நகரைத் தங்களிடம் ஒப்படைப்பதாக ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனுக்குப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்திருந்தார், ஒப்படைக்கவில்லை. நவாப் தம் மகன் மஃபூஸ்கானைப் பத்தாயிரம் பேருடன் அனுப்பினார்.

முதல் மோதல் கோட்டைக்கு வெளியே. நானூறு பிரெஞ்சு வீரர்கள் இரண்டு பீரங்கிகளுடன் வெளியே வந்தார்கள். நவாப் படை அறிந்திருந்த பீரங்கி கால்மணிக்கொருமுறை வெடிப்பது. முதல் குண்டுக்குப் பின் நிதானமாகப் பாயலாம் என்பது அவர்கள் எண்ணம். இந்தப் பீரங்கிகளோ நிமிடத்துக்குப் பலமுறை வெடித்தன என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். படை கலைந்தது.

புதுச்சேரியிலிருந்து வரும் துணைப்படையை மறிக்க மஃபூஸ்கான் சாந்தோமுக்கு நகர்ந்து, ஆற்றின் வடகரையில் பீரங்கிகளுடன் நின்றார். தென்கரைக்கு வந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் பாரடிஸ். அவரிடம் ஏறத்தாழ ஆயிரம் பேர். பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆழமற்ற இடத்தில் ஆற்றைக் கடந்து, கரையேறி, ஒரே சமயத்தில் துப்பாக்கிகளை வெடித்து, துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்தார்கள். நவாப் படை சாந்தோமின் குறுகிய தெருக்களில் சிக்கிச் சிதறியது. மஃபூஸ்கான் யானை மீதேறித் தப்பினார். ஆங்கில நூல்கள் இந்நாளை அக்டோபர் 24 என்றும் பிரெஞ்சு நூல்கள் நவம்பர் 4 என்றும் குறிக்கும். அன்று இங்கிலாந்து பழைய நாட்காட்டியை விட்டிருக்கவில்லை.

ஐரோப்பியரின் சிறுபடை ஒன்று இந்திய அரசர்களின் பெரும்படையை வெல்லக்கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறந்தது என்பர். உண்மைதான். ஆனால் அந்த ஆயிரவரில் ஐரோப்பியர் சுமார் முந்நூறு பேரே. எஞ்சிய எழுநூற்றுவர் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். பாடம் நடத்தும்போது நாமும் 'பிரெஞ்சுக்காரர் வென்றனர்' என்று ஒரே தொடரில் முடித்துவிடுகிறோம்! வென்றது இனமன்று, அணிவகுப்பும் ஒழுங்கும். அவற்றை எவரும் கற்கலாம் என்பதற்கு அந்த எழுநூற்றுவரே சான்று.

அதை வணிகக் கம்பெனிகள் உடனே புரிந்துகொண்டன. 1748இல் வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஆங்கிலேயருக்கும் அவ்வாறே படை திரட்டினார். ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராக உயர்ந்த யூசுப்கான் என்கிற மருதநாயகத்தை அவர்களே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

சென்னை பிரெஞ்சுக்காரரிடம் நிலைக்கவில்லை. கனடாவின் லூயிஸ்பூர்க் கோட்டைக்கு மாற்றாக, 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதே ஆண்டு ஆம்பூரில், சந்தாசாகிபுக்குத் துணையாக வந்த பிரெஞ்சு வீரர்களையும் சிப்பாய்களையும் எதிர்த்து நின்ற அன்வருத்தீன் களத்திலேயே மாண்டார். மஃபூஸ்கான் சிறைப்பட்டார்.