பெயரில்லாத தலைவி

தமிழ் அகப்பாடல்களில் காதலருக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், பரத்தை என்ற முறைப்பெயர்களே உண்டு. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பிய விதி. உரைகாரர்கள் இதில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. கணவனைப் பிரிந்து வாடும் அரசியைப் பாடும் அப்பாட்டில் அரசன் பெயர் எங்கும் இல்லை. பாசறையில் அவனுக்கு முன்னே செல்பவனின் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு குறிப்பைக் கொண்டே நச்சினார்க்கினியர் அதைப் புறப்பாட்டில் சேர்த்துவிட்டார்.

பெயர் இல்லாதவர்களுக்கு முன்கதையும் இல்லை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலுமாக ஏறக்குறைய 1,200 பாடல்கள். பல ஊர்ப் புலவர்கள் பல தலைமுறைகளாகப் பாடியும் தலைவி அதே தலைவிதான். மாறுவது அவள் நிற்கும் இடம். குறிஞ்சியில் தினைப்புனம் காக்கிறாள், முல்லையில் கார்காலத்தை எண்ணிக் காத்திருக்கிறாள், மருதத்தில் பரத்தையிடமிருந்து திரும்பியவனுக்கு வாயில் மறுக்கிறாள். இவற்றை ஒருத்தியின் வாழ்க்கையாகக் கோத்துப் படிக்கலாம். சங்கத் தொகைகள் அப்படிக் கோக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் அதிக உயிர்ப்புள்ளவள் தோழிதான். தலைவனை அலைக்கழிப்பதும், மணம் பேச நெருக்குவதும், செவிலியிடம் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்பதும், வேறு வழியில்லாதபோது உடன்போக்குக்கு ஏற்பாடு செய்வதும் அவள் வேலை. ஆயினும் எந்தப் பாட்டிலும் அவளுக்கென்று ஒரு காதல் கிடையாது.

சிலப்பதிகாரத்தில் காதலருக்குப் பெயர், குலம், ஊர், வயது எல்லாம் வந்துவிடுகின்றன. கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. புகார்க் காண்டத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. கணவனைத் திரும்பப் பெறக் குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழலாம் என்று தோழி தேவந்தி சொல்லும்போது, அது பெருமையன்று என மறுப்பதோடு சரி. அதே பெண் மதுரையில் அரசனை நேருக்கு நேர் குற்றம் சாட்டி ஊரை எரிக்கிறாள். வஞ்சிக் காண்டத்தில் சேரன் எடுத்த கோயிலில் தெய்வமாகிறாள். மாற்றம் திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும், தேவந்திக்குச் சொன்ன மறுப்பிலேயே அந்த உறுதி இருக்கிறது. கோவலன் நாடிச் சென்ற மாதவி பௌத்தத் துறவு பூணுகிறாள். அவள் மகளின் துறவே மணிமேகலைக் காப்பியமாயிற்று.

காப்பியம் வந்ததால் பழைய மரபு அற்றுப்போகவில்லை. நம்மாழ்வார் திருமாலைத் தலைவனாக்கி, தலைவியாகவும் தோழியாகவும் தாயாகவும் நின்று பாடினார். கோவை நூல்கள் களவு முதல் கற்பு வரையுள்ள துறைகளை வரிசைப்படுத்தின. தொகைகளில் சிதறிக் கிடந்த தருணங்கள் ஒரே கதையாயின. திருக்கோவையாரின் 400 பாடல்களில் தில்லைச் சிவன் பாட்டுடைத் தலைவன். தஞ்சைவாணன் கோவையில் அந்த இடம் வாணனுக்கு. காதலிப்பவன் வேறு, அவன் கிளவித் தலைவன். பொருள் கொடுத்துப் பாடச் செய்த வள்ளலின் பெயர் நூலில் நிலைத்தது. கிளவித் தலைவனும் தலைவியும் அங்கும் பெயரின்றியே நின்றார்கள்.