ஜான்சன் ஓடையின் வெள்ளச் சமவெளி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்ட் நகரின் தென்கிழக்குப் பகுதிகளைத் தொட்டபடி சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வில்லமெட் ஆற்றில் கலக்கிறது ஜான்சன் ஓடை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், அரசு வேலைத்திட்டத் தொழிலாளர்கள் அதை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கரைகளில் கல் பதித்தனர். வெள்ளம் நிற்கவில்லை, ஓடைக்கும் அதன் சமவெளிக்கும் இருந்த தொடர்பு அறுந்ததுதான் மிச்சம். தாழ்நிலங்களில் வீடுகள் பெருகின. ஓடையை ஒட்டிய ஃபாஸ்டர் சாலை அடிக்கடி மூழ்கியது.

1997இல் நகர நிர்வாகம் வேறு வழியில் இறங்கியது. விற்க முன்வந்தவர்களிடம் மட்டும் நிலத்தை வாங்கியது. யாரையும் விரட்டாததே இத்திட்டத்தின் பெரும் சிறப்பு. அதனால் ஆண்டுகள் பல பிடித்தன. சுமார் 60 குடும்பங்கள் இடம் மாறிய பின் வீடுகளும் தெருக்களும் அகற்றப்பட்டன. மேட்டு மண் வெட்டி எடுக்கப்பட்டது. வேர்க்கட்டையோடு கூடிய மரத்தடிகள் ஓடையோரம் கிடத்தப்பட்டன; நீர் சுழித்து வரும்போது இளம் சால்மன் குஞ்சுகள் அந்த வேரிடுக்குகளில்தான் ஒதுங்குகின்றன. 63 ஏக்கர் ஃபாஸ்டர் வெள்ளச் சமவெளிப் பணி 2012இல் முடிந்தது. அந்த ஜனவரியிலேயே ஓடை வெள்ள அளவைத் தாண்டியும் அருகிலிருந்த வீடுகள் நனையவில்லை.

பணி முடிந்தபின் நீர்மட்டம், வெப்பநிலை, மீன்வளம், நட்ட மரங்களின் நிலை ஆகியவை கண்காணிக்கப்படுகின்றன. சால்மனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கோடையில் ஓடை சூடேறுவது இன்னும் தீராத சிக்கல். அது தீர, கரையோர மரங்கள் வளர்ந்து நிழல் தரவேண்டும்.