ஆன்டெனாவுக்கு ஊர் எது, சேரி எது?

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி வந்த கதையைச் சொல்பவர்கள் பெட்டியின் கதையைத்தான் சொல்கிறார்கள். யார் வீட்டில் முதலில் வாங்கினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடியது என்று. கூரைமேல் நின்ற ஆன்டெனாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து பார்த்தால், அந்த அலுமினியக் குச்சிகளுக்கும் சாதிக்கும் உள்ள உறவு தெரியும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதே மாதம் முதல் தேதியில், ஆந்திரா, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே ஓராண்டு ஒளிபரப்பை இந்திய அரசு தொடங்கியிருந்தது. அங்கே வைத்த ஆன்டெனா எதனால் ஆனது தெரியுமா? கோழி அடைக்கும் கம்பிவலை. பத்தடி அகல வலைக்கிண்ணம். மலிவான பொருளில் ஆன்டெனா செய்யலாம் என்று காட்டியது விண்வெளி ஆய்வு நிறுவனமேதான்.

ஆனால் பெட்டியை வைத்தது பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடங்களில். பின்னாளில் நம் பஞ்சாயத்துகளின் டிவி அறைகளும் அப்படித்தான். பொது இடம் என்றால் யாருடைய இடம்? பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டது 1924-இல். அதற்குப் பிறகும் எத்தனை கிணறுகள் திறந்தன? டிவி அறை ஊருக்குள் இருந்தால், சேரிப் பிள்ளை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

ஆன்டெனா அதைத் தாண்டியது. அலை ஊர் எல்லையில் நிற்காது. ஒரு சவுக்குக் கம்பம், சில அலுமினியக் குழாய்கள், ஒரு நாடா ஒயர் போதும். ஒருவர் கூரையேறித் திருப்ப, "இப்ப தெரியுதா?" என்று கேட்க, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உப்பளம் தட்டையான வெளி. அலையை மறைக்க மலையில்லை, மாடியில்லை. உப்புக்காற்று ஒயர் சேரும் இடத்தை அரித்துவிடும், அவ்வளவுதான். சுரண்டி மறுபடி முறுக்கிக் கட்டினால் படம் வரும்.

அந்த ஆன்டெனாவை உலகம் 'யாகி' என்கிறது. 1926-இல் ஜப்பானில் அதன் ஆய்வில் பெரும்பகுதியைச் செய்தவர் ஷிண்டாரோ உடா. பெயர் நின்றதோ அவருடைய பேராசிரியர் யாகிக்கு. உழைத்தவர் பெயர் உதிர்வது நமக்குப் புதிதல்ல.

பிறகு கேபிள் வந்தது. அலையைத் தடுக்க முடியாது. கம்பியைத் தடுக்கலாம், வெட்டலாம், மாதா மாதம் காசு கேட்கலாம். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. பெட்டி இலவசம், கம்பிக்குக் காசு. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. கேபிள் சந்தா மட்டும் நிற்காது.

2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பை 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. டிஜிட்டலுக்கும் ஆன்டெனா செய்வது எளிது. 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, ஒவ்வொன்றும் சுமார் 14 செ.மீ. நீளமுள்ள இரண்டு செம்புக்கம்பிகளைச் சிறு இடைவெளி விட்டு நேர்க்கோட்டில் வைத்து, கேபிளின் உள்கம்பியை ஒன்றிலும் வெளிவலையை மற்றொன்றிலும் இணைத்தால் போதும். ஆனால் அந்த அலையைப் படிக்கும் டியூனர் பெட்டியில் இருக்க வேண்டும். கோபுரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையோ 100 கி.மீ.க்கு அப்பால். அனலாக்கில் தூரம் கூடினால் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் முழுப் படம் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது.

இது சினிமா பார்க்கும் பிரச்சினை மட்டுமல்ல. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல், புதுச்சேரி அருகே. கூலி இல்லாத மாதங்களே இங்கே புயல் மாதங்கள். அப்போது மரம் விழுந்தால் கேபிள் அறுகிறது. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் சில மணி நேரத்தில் ஓய்கிறது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்பார்கள். கனமழையில் அதன் சிக்னல் மங்கும். காற்றில் தட்டு திரும்பினால் அதுவும் போச்சு. தரைவழி அலையும் ஒரு பேட்டரிப் பெட்டியும் இருந்தால் எச்சரிக்கை வீட்டுக்கு வந்து சேரும். கோபுரம் நிற்க வேண்டும், அவ்வளவே.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. கிணற்றுக்கும் பாதைக்கும் நாம் கேட்ட உரிமையே அலைக்கும் பொருந்தும். தோழர்களே, அடுத்த கிராம சபையில் ஒரு கேள்வியைத் தீர்மானமாக வையுங்கள்: புயலடிக்கும் இந்தக் கரைக்குக் கட்டணமில்லாத டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு எப்போது வரும்? அலை வந்தால் போதும். ஆன்டெனாவை நம் பிள்ளைகள் செய்துகொள்வார்கள்.