கொடையிலிருந்து மேடைக்கு: நெல்லை வில்லுப்பாட்டு அடைந்த மாற்றங்கள்

முன்னுரை

2001இல் யுனெஸ்கோ வாய்மொழி மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, சீனத்தின் குன்ச்சு இசைநாடகமும் கேரளத்தின் கூடியாட்டமும் அதில் இடம்பெற்றன. தாமிரபரணிப் பகுதியின் வில்லுப்பாட்டுக்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் கிடைக்கவில்லை. அச்சும் மேடையும் வானொலியுமே அதை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றன. அந்தப் பயணத்தில் இக்கலை எதைக் காத்தது, எதை இழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடையில் வில்

நெல்லை, குமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களின் கொடைவிழாவே வில்லுப்பாட்டின் தாயகம். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை நடத்துவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணை நிற்கும். வலத்தே பாடுவோரும் இடத்தே பாடுவோரும் அவர் அடியை வாங்கிப் பாடுவார்கள். தெய்வத்தின் பிறப்பைச் சொல்லும் கதைகள் ஒருவகை. கொலையுண்டு தெய்வமானவர்களின், அதாவது வெட்டுப்பட்ட வாதைகளின் கதைகள் இன்னொரு வகை. கதை உச்சத்தை எட்டும்போது தாளம் முடுகும், சாமியாடிக்கு அருள் வரும். எனவே கொடையில் பாடல் என்பது தெய்வத்தை வரவழைக்கும் சடங்குச் செயல். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல், பனுவலையும் நிகழ்த்துதலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இக்கலையை வைத்தே விளக்கியது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) 1960களில் நெல்லை ஆய்வுக்குழுவை அமைத்தார். மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாக முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை முதலிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கிறான். பின்னர் மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று கூறும் பகுதியைப் பிற்கால இடைச்செருகலாக வானமாமலை கண்டார். சாதிக்கு அடங்காத கதையைச் சாதிக்குள் திருப்பிய முயற்சி அது. பாபநாசம் மலையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமான முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்பு காணிக்கையாகச் செலுத்தப்படுகிறது. ஏட்டில் மாற்றப்பட்டதை வழிபாடு மாற்றாமல் வைத்திருக்கிறது. அச்சு கதைகளை அழிவிலிருந்து காத்தது. ஆனால் இராகத்தையும் கூட்டத்தின் எதிர்வினையையும் அதனால் ஏந்த முடியவில்லை.

மேடையும் வானொலியும்

நாகர்கோவிலைச் சேர்ந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைச் சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பயன்படுத்தினார். அவரால் சென்னைக்கு அழைத்துவரப்பட்டவர் நெல்லை மாவட்டச் சத்திரபுதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம். காந்தி கதையை ஊர் ஊராகப் பாடிய அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார். 1960களில் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் இக்கலையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. குடும்பநலமும் வேளாண்மையும் பாடுபொருளாயின. கேட்போர் பெருகினர். இரவெல்லாம் நடந்த கதை குறுகிய நேரத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று, அருள் வரும் தருணத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

முடிவுரை

இம்மாற்றங்களைச் சிதைவு என்று ஒதுக்குவது தவறு. மேடை இல்லையென்றால் நெல்லைக்கு வெளியே இக்கலையை அறிந்தவர் சிலரே இருந்திருப்பர். ஆயினும் மேடை வடிவத்தையே முழு மரபாகக் கொள்வதும் தவறு. வில்லுப்பாட்டைப் பாதுகாப்பது என்றால் முதலில் கொடையைப் பாதுகாப்பதே. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்கள், கொடையின் முழு இரவையும் புலவர், சாமியாடி, கூட்டம் என அனைவரோடும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். கலைஞர்களுக்கான அரசு உதவியும் நகர மேடைகளோடு நிற்காமல் கொடையில் பாடும் குழுக்களைச் சென்றடைய வேண்டும்.