ஒரு டாலர் வீடு

கொஞ்ச நாளா எனக்கு ஒரு கிறுக்கு. நான் வேலை பார்க்கும் பால்டிமோரில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிடலாமா என்று. கூரை ஒழுகுது, உள்ளே பாதித் தரை இல்லை, ஆனா வாசல்ல வெள்ளைச் சலவைக்கல் படி! பேரம் பேசுவதற்கு முன் ஊர் வரலாற்றைப் புரட்டினேன்.

1970-களில் இங்கே மாநகராட்சியே ஒரு டாலருக்கு வீடு விற்றிருக்கிறது. காமெடி இல்லைங்க, நிஜம். மேயர் வில்லியம் டொனால்ட் ஷேஃபர் காலம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆட்டர்பைன் என்கிற பகுதியில் நூற்றுச்சொச்சம் வீடுகள் பாழடைந்து கிடந்தன. 1975-ல் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவரே செப்பனிட்டு, அவரே குடியிருக்கணும். குறைந்த வட்டிக்குக் கடன் உண்டு. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னலை மலிவாக விற்க மாநகராட்சி ஒரு கிடங்கே நடத்தியது. (எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கிடங்குதான்.)

சரி, அந்த வீடுகள் ஏன் காலியா இருந்துச்சு? நெடுஞ்சாலை வருதுன்னு சொல்லி, குடியிருந்தவங்களை முன்னாடியே வெளியேத்திட்டாங்க. கடைசியில் சாலை அந்த வீடுகள் மேல் வரவே இல்லை. வீடு மட்டும் கை மாறிடுச்சு. ஒரு டாலர் கதையைச் சொல்றவங்க இந்த இடத்தை வேகமாத் தாண்டிடறாங்க.

2024-ல் மாநகராட்சி மறுபடி ஒரு டாலர் விலைக்கு ஒப்புதல் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: செப்பனிட 90,000 டாலருக்கு வழி இருக்குன்னு காட்டணும். அநியாயம்னு முழுசாச் சொல்லிட முடியல. வரிசை வீட்டுக்குப் பக்கச்சுவர் பொதுச்சுவர். ஒண்ணு சரிஞ்சா அடுத்த வீடும் ஆடும்.