'ஓகே' வந்த வரலாறு

மாணவர்களே, கணிப்பொறித் திரையில் 'ஓகே' என்னும் சிறு பொத்தானைக் காணாதார் இன்று அரியர். அச்சொல் அங்கு வந்தமர்ந்த வரலாறு சுவையானது.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தார் 1983 ஜனவரியில் லிசா என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். பயிற்சியில்லாதவரும் கையாளத் தக்கதாய் அஃது அமைய வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். ஆதலின், உருவாகிவரும் பருவத்திலேயே புதியவர்களை அழைத்து அதன் முன் அமர்த்தி, அவர்கள் எங்கே இடறுகின்றனர் என்று நோக்கினர். லாரி டெஸ்லர் என்னும் அறிஞர் இச்சோதனைகளை முன்னின்று நடத்தினார்.

ஒரு செயலை உறுதி செய்வதற்கும் கைவிடுவதற்கும் திரையில் இரு பொத்தான்கள் தோன்றும். உறுதி செய்யும் பொத்தானுக்கு 'ஓகே' என்று பெயரிடுதல் பேச்சுவழக்காகிவிடும் எனக் கருதி, 'இதனைச் செய்' என்று பொருள்படும் 'டூ இட்' என்னும் ஆங்கிலத் தொடரைப் பொறித்திருந்தனர். வந்தவர்களோ அதனை விடுத்து மற்றதையே அழுத்தினர். காரணம் விளங்கவில்லை. அவர்களுள் ஒருவர் குழப்பத்தோடு சினமும் கொண்டார். ஏனென்று வினவியபொழுது, 'நான் மடையன் அல்லேன். இக்கருவி என்னை அவ்வாறு ஏசுவதேன்?' என்று கேட்டாராம்! இரு சொற்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளி மிகக் குறுகியது. பெரிய 'ஐ' எழுத்தோ, சிறிய 'எல்' எழுத்தைப் போலவே ஒற்றைக் கோடாய் நின்றது. இரண்டும் கூடி, மடையன் என்னும் பொருளுடைய 'டோல்ட்' என்ற சொல்லாய் அவர் கண்ணுக்குத் தோன்றிவிட்டன. மாக்கின்டாஷ் கணிப்பொறியை உருவாக்கியோருள் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்டு இச்செய்தியை எழுதிவைத்துள்ளார். ஒதுக்கப்பட்ட 'ஓகே'யே பொத்தானில் ஏறியது.

நான் எழுதிய வினாவொன்றை வகுப்பில் பாதிப்பேர் பிழைபட உணர்ந்தபொழுது, மாணவரைக் கடிந்துகொண்டவன் நான். இப்பொறியாளர்களோ, படித்தவரைக் குறை கூறாது தம் சொல்லை மாற்றினர்.

1987-இல் ஆப்பிள் நிறுவனத்தார், நிரல் எழுதுவோர்க்கென இத்தகைய நெறிகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டனர். எனினும் இப்பாடம் எங்கும் பரவிவிடவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 95, ஒரு நிரல் பழுதுற்று நின்றால், அது 'சட்டவிரோதச் செயல்' புரிந்துவிட்டதால் மூடப்படும் என்று பொருள்பட அறிவித்தது. கணிப்பொறி ஏற்காத ஒன்றை நிரல் செய்ய முயன்றது என்பதே அதன் கருத்து. பொறியாளர்க்கு அஃது ஒரு கலைச்சொல். வீட்டில் அமைதியாய்க் கடிதம் தட்டச்சிட்டுக் கொண்டிருந்தவர் அதனை எவ்வாறு கொண்டிருப்பார்?