அநாமதேயம், வயது 40

இணையத்தின் மகா மர்மப் பாட்டு என்று பட்டம் பெற்றிருந்த ஒரு ஜெர்மன் பாட்டின் அநாமதேயம் 2024 நவம்பர் 4ஆம் தேதி காலமானது. வயது 40. பிறந்த தேதி எந்த ஏட்டிலும் இல்லை. 1984ஐ ஒட்டி இருக்கலாம் என்பது கணிப்பு. பாட்டு நலமாகத்தான் இருக்கிறது. 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' என்று அதற்கு ஒரு தலைப்பு, ஃபெக்ஸ் என்று அதைப் பாடிய குழுவுக்கு ஒரு பெயர், கீல் என்று ஒரு சொந்த ஊர், எல்லாம் வந்துவிட்டன. இவை எதுவும் இல்லாமல் அது இருந்த இருப்புதான் போய்ச் சேர்ந்தது. அன்னாருக்குக் கண்டம்விட்டுக் கண்டம் உற்றார் உறவினர் உண்டு. அதில் பாதிப்பேர், அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தபோது பிறக்கவே இல்லை.

சாவைச் சொல்லுமுன் பிறப்பைச் சொல்ல வேண்டும். வட ஜெர்மனியில் ஒரு வீடு, அதில் டெக்னிக்ஸ் கம்பெனியின் கேசட் டெக் ஒன்று, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர். அந்த வட்டாரத்தின் பெரிய வானொலி ஹாம்பர்கிலிருந்து இயங்கிய என்.டி.ஆர். இளைஞர்களுக்கென்றே அதில் நிகழ்ச்சிகள் உண்டு. கடைக்கு வராத குழுக்களின் இசைகூட அவற்றில் ஒலிக்கும். ரெக்கார்டு பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கி, கூடவே பாஸையும் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தொகுப்பாளர் பேசி முடிக்கும் நொடியில் பாஸை விடுவிக்க வேண்டும். பாட்டு தேய்ந்து, அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அமுக்கிவிட வேண்டும். அந்தக் குரலில் அரை வார்த்தை நாடாவில் விழுந்தாலும் பதிவு கெட்டுப்போனதாகக் கணக்கு. நம் இளைஞருக்குக் கைதேர்ந்த விரல். அவருடைய கேசட்டுகளில் பாட்டுக்குப் பாட்டு சுத்தமாக ஓடும், நடுவில் மனிதப் பேச்சே இருக்காது.

பாட்டின் பெயரும் பாடியவர்களின் பெயரும் இருந்தது அந்தப் பேச்சில்தான்.

நாற்பது வருட மர்மத்துக்கு மூல காரணம் இவ்வளவே. சதியோ ரகசியமோ கிடையாது. அதே கேசட்டில் எக்ஸ்.டி.சி., தி க்யூர் போன்ற பெயர்பெற்ற குழுக்களின் பாட்டுகளும் இருந்தன. அவற்றுக்குத் தொகுப்பாளர் தேவைப்படவில்லை. எந்தக் கடையிலும் இசைத்தட்டு கிடைத்தது. இந்த ஒன்றுக்குத்தான் வேறு ஆதாரமே இல்லாமல் போயிற்று.

இப்படிப் பதிவு செய்வது திருட்டு அல்லவா என்று கேட்கலாம். ஜெர்மனியில் அந்த வழக்கு கேசட் பிறப்பதற்கு முன்பே நீதிமன்றம் ஏறிவிட்டது. இசைஞர்களின் உரிமைச் சங்கமான கேமா, டேப் ரெக்கார்டர் செய்த குருண்டிக் நிறுவனத்தோடு மோதி 1955இல் வென்றது. அந்தத் தெம்பில், டேப் ரெக்கார்டர் வாங்குகிறவர் யார் என்று அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துத் தர வேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தது. வீட்டுக்குள் ஒருவன் என்ன செய்கிறான் என்று எட்டிப்பார்க்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1964இல் கையை விரித்துவிட்டது. அடுத்த வருடமே சட்டம் வந்தது: சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு ஈடாகக் கருவியின் விலையில் ஒரு தொகை இசைஞர்களுக்குப் போகும். 1985இல் வெற்று கேசட்டுக்கும் அது நீண்டது. பிரிட்டனின் இசைத்தட்டுக் கம்பெனிகள் எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது என்று மண்டையோட்டுச் சின்னம் போட்டு மிரட்டிக்கொண்டிருந்தன. கொல்லவில்லை. இந்த ஒரு பாட்டின் விஷயத்திலாவது, உயிரோடு வைத்திருந்தது வீட்டுப் பதிவுதான்.

பாட்டைப் பற்றி நான்கு வார்த்தை. ஏறத்தாழ மூன்று நிமிடம். கனத்த ஆண் குரல், ஆங்கில வரிகள், ஜெர்மன் நாக்கு. கீழே நிற்காமல் ஓடும் பாஸ் கிதார், மேலே குளிர்ந்த சிந்தசைசர். பல்லவி வந்ததும் ஒருமுறை கேட்டவருக்கே தலை ஆடும். நல்ல பாட்டு. மகத்தான பாட்டு என்று சொல்ல மாட்டேன். அந்த வருடங்களில் ஐரோப்பாவின் பயிற்சி அறைகளில் இதற்குச் சமமாகப் பல நூறு பாட்டுகள் பிறந்திருக்கும். வரிகள் தெளிவாகக் கேட்காததால் ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டார்கள். 'லைக் தி விண்ட்' என்றும் 'பிளைண்ட் தி விண்ட்' என்றும் அதற்குத் தற்காலிகப் பெயர்கள் ஓடின. எதைப் பற்றிய பாட்டு என்பதில் எத்தனை வியாக்கியானம்! பனிப்போர் என்றார்கள் சிலர். கம்யூனிச நாட்டிலிருந்து தப்பி வந்தவனின் குரல் என்றார்கள் சிலர். பெயர் இருந்திருந்தால் இத்தனை அர்த்தம் அதற்குக் கிடைத்திருக்காது.

ஆங்கிலத்தில் பாடியதுதான் அடுத்த வினை. 1979இல் 'சவுண்ட்ஸ்' இதழில் ஆல்ஃபிரட் ஹில்ஸ்பெர்க் என்ற ஹாம்பர்க் பத்திரிகையாளர் 'புதிய ஜெர்மன் அலை' என்ற தலைப்பில் தொடர் எழுதி, அந்தப் பெயரையே ஊரறியச் செய்தார். அந்த அலையின் அடையாளம் ஜெர்மன் மொழியில் பாடுவது. 1982இல் ட்ரியோ, 1983இல் நேனா என்று அது வானத்துக்கு எகிறி, பெரிய கம்பெனிகள் எல்லோரையும் ஒப்பந்தம் போட்டுப் போட்டே சலிக்க வைத்து, 1984க்குள் வடிந்தும் விட்டது. அந்த அலையின் சேகரிப்பாளர்கள் பொல்லாதவர்கள். ஐந்நூறு பிரதி அச்சிட்ட தட்டையும் விடமாட்டார்கள். ஆனால் கீல் துறைமுகத்தில் நான்கு பேர், அலை வடிந்த நேரத்தில், ஆங்கிலத்தில் பாடி, தட்டாக வெளியிடாமலே விட்ட பாட்டு எந்தச் சேகரிப்பில் இருக்கும்?

பதிவு செய்தவரின் சகோதரி 2007இல் அதை இணையத்தில் ஏற்றி, இது யார் பாட்டு என்று கேட்டார். பதில் இல்லை. 2019இல் பிரேசில் நாட்டுப் பதின்வயதுப் பையன் ஒருவன் கையிலெடுத்தான். அதன் பிறகு பல்லாயிரம் பேர். அவர்களுடைய துப்பறிதலை வியக்காமல் இருக்க முடியாது. சிந்தசைசர் ஒலியைப் பிரித்துப் பார்த்து யமஹா டிஎக்ஸ்7 என்றார்கள். அது 1983இல்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே பாட்டு அதற்கு முந்தியதல்ல. கேசட் டெக்கின் தயாரிப்பு வருடம் 1984. ஒலியைப் படமாக விரித்தபோது 10 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு தெரிந்தது. காதுக்குப் பிடிபடாத அந்தக் கோடு என்.டி.ஆர். ஒலிபரப்புகளின் பதிவுகளில் காணப்பட்ட ஒன்று. இளைஞர் வெட்டியெறிந்த தொகுப்பாளருக்குப் பதிலாக, நிலையத்தின் மின்சாரம் சாட்சி சொன்னது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மனித சாட்சிகள் அவ்வளவு உதவவில்லை. அந்தக் காலத்தில் என்.டி.ஆரில் புதிய இசையை ஒலிக்கவிட்ட பால் பாஸ்கர்வில் இன்னும் பணியில் இருந்தார். கேட்டார்கள். அவருக்கு நினைவில்லை. வாராவாரம் கட்டுக்கட்டாக நாடா வந்து விழுந்த மேஜையில் எதை என்று நினைவு வைப்பது? கிரேக்கப் பாடகர் ஒருவர்மீது வெகுநாள் சந்தேகம் இருந்தது. ஆஸ்திரியா, கிழக்கு ஐரோப்பா என்று தேடல் அலைந்தது. ஷசாம் போன்ற செயலிகளும் கைவிட்டன. எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்று புள்ளி வைத்து, கைவசமுள்ள கிடங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. கிடங்கில் இல்லாத பாட்டு அவற்றுக்குப் பாட்டே அல்ல.

கடைசியில் காரியத்தை முடித்தது காகிதம். ஒரு தேடுநர், 'ஹோர்ஃபெஸ்ட்' என்று என்.டி.ஆர். தொடர்புடைய இசைவிழா ஒன்றில் வாசித்த குழுக்களைப் பழைய செய்தித்தாள்களில் வரிசையாகத் துழாவினார். அகப்பட்ட இசைக்கலைஞர்களைத் தொடர்பு கொண்டார். அவர்களில் ஒருவர் மிஷாயல் ஹேட்ரிஷ், ஃபெக்ஸில் கீபோர்டு வாசித்தவர். அவரிடம் பழைய பதிவுகள் இருந்தன. கேட்டதும் அனுப்பினார். ஒன்றில் அந்தப் பாட்டு இருந்தது.

பாடியவர் டூரெ ரூக்வார்ட், டிரம்ஸ் ஹான்ஸ்-ரைமர் சீவர்ஸ், பாஸ் கிதார் நோர்பர்ட் சீர்மன். நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். யாரும் ஒளிந்து வாழவில்லை. உலகத்தின் ஒரு பகுதி பதினேழு வருடமாகத் தங்களைத் தேடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆக, இந்தப் பாட்டு எந்நாளும் தொலைந்திருக்கவில்லை. ஒலி ஒரு வீட்டுக் கேசட்டில் இருந்தது, ஊரும் காலமும் செய்தித்தாளில் இருந்தன, பெயர் கீலில் ஒரு நாடாப்பெட்டியில் இருந்தது. ஒரு வீட்டாரிடம் பூட்டும் அடுத்த வீட்டாரிடம் சாவியும் இருந்த கதை.

செய்தி வந்த அன்று கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு முனகலும் எழுந்தது. புதிர் போயிற்றே, இனி எதைத் தேடுவது? அந்த முனகலை நான் புரிந்துகொள்கிறேன், ஏற்றுக்கொள்ளவில்லை. பெயரில்லாத பாட்டு கேட்பவனுக்கு வசதி. அவன் கற்பனைக்கு அது மறுப்புச் சொல்லாது. எந்த நாட்டானாகவும், எந்தச் சோகக்காரனாகவும் பாடகனை ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வசதிக்குப் பணயம் கட்டியது நான்கு பேருடைய இளமைக்கால உழைப்பு. அவர்கள் அறியாமலே அவர்கள் பாட்டு உலகப் புகழ் பெற்று, அந்தப் புகழில் அவர்களுக்குச் சல்லிக்காசு பங்கில்லாமல் இருந்தது. அதே 2024 ஏப்ரலில் இன்னொரு அநாமதேயப் பாட்டின் குட்டும் உடைந்தது. அது 1986இல் வந்த ஓர் அமெரிக்க நீலப்படத்தின் பின்னணியில் ஒலித்தது. உன்னதக் கற்பனைகளோடு காத்திருந்தவர்கள் அன்று முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ! அந்த அளவுக்கு ஃபெக்ஸ் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அறுபதைத் தாண்டிய கண்ணியமான மனிதர்கள், சொந்தப் பாட்டு சொந்தப் பெயரில் ஒலிப்பதைக் கேட்டார்கள். அநாமதேயத்துக்காக நான் அழமாட்டேன்.

துக்கம் வேறொன்றுக்கு. அதற்கு யாரும் விளம்பரம் போடவில்லை. தட்டே வெளியிடாத ஒரு குழுவின் பாட்டை, காதுக்குப் பிடித்தது என்ற ஒரே காரணத்துக்காக மாநிலம் முழுக்க ஒலிக்கவிடும் அதிகாரம் அன்று ஒரு தனி மனிதருக்கு இருந்தது. 1986 ஜூலையில் அதே கீலில் ஆர்.எஸ்.எச். என்ற தனியார் வானொலி தொடங்கியது. தனியார் நிலையங்கள் பெருகப் பெருக, ஆராய்ந்து தேர்ந்த பட்டியலிலிருந்து கணினி பாட்டைப் பொறுக்கும் பழக்கம் வந்தது. பொது வானொலியும் போட்டிக்காக அந்த வழிக்கே திரும்பியது. இரண்டு வருடம் தாமதித்துப் பிறந்திருந்தால் ஃபெக்ஸின் பாட்டு அலையேறியிருக்குமா என்பது சந்தேகமே. ஏறாத பாட்டை யாரும் பதிவு செய்யவும் முடியாது, தேடவும் முடியாது. என்.டி.ஆரின் அந்தத் தொகுப்பாளர் மேஜைதான் இந்தக் குடும்பத்தில் உண்மையாகவே இறந்தது. அந்தப் பாட்டை அன்று தேர்ந்தெடுத்தவர் யார், என்ன சொல்லி அறிமுகம் செய்தார் என்பதை எந்தக் கோடும் காட்டிக்கொடுக்கவில்லை. பாடியவர்களின் பெயர் திரும்பிவிட்டது. ஒலிக்கவிட்டவரின் பெயர் பாஸ் பொத்தானுக்கு அப்பால் நின்றுவிட்டது.

இதைப் படிப்பவர்களில், வானொலியிலிருந்து பதிந்த கேசட்டுகளைப் பரணில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது பாட்டை மட்டும் நறுக்கி எடுக்காதீர்கள். அறிவிப்பாளர் பேச்சு, மணி சொல்வது, விளம்பரம், இரைச்சல் எல்லாம் இருக்கட்டும். உறையில் எழுதியிருப்பதையும் படம் பிடித்து வையுங்கள். எந்த ஊர், எந்த நிலையம், சுமாராக எந்த வருடம் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.